பொங்கல் விடுமுறையும் நிறைந்த கண்மாய்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி முடியப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய தண்ணீர் செட்டிநாட்டுக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் இன்னும் நிறைந்து நிற்கிறது. பொங்கலுக்குச் சொந்த ஊர் திரும்பும் குடும்பங்களும், கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களும், தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குத் திரள்கிறவர்களும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்களும் அடுத்த சில வாரங்களில் இந்தக் கரைகளில் கால் வைக்கப் போகிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே சில செய்திகள் அவர்களை எட்ட வேண்டும் என்பதற்காகத் தங்கள் நாளிதழின் வாயிலாக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிப்பவள். அரசு மருத்துவமனைகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். நாள்தோறும் விடிகாலையில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை தொடங்கி, நிறைந்த கண்மாயின் மிகுநீர் வழியும் கலுங்கு வரை நடந்து திரும்புவது என் வழக்கம். அந்தக் கரைக்குக் கட்டணம் கிடையாது; கதவு கிடையாது; காவலாளி கிடையாது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம், பிறப்பிடம் பார்த்து ஒருவரையும் தடுக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. படித்துறையில் கால் வைக்க விடாமல் விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள் என்பதால், இந்த இடங்கள் எல்லாருக்கும் திறந்திருப்பதை நான் சிறிய செய்தியாக எண்ணுவதில்லை. யாரும் வரக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வருகிறவர்கள் உயிரோடும் காயமில்லாமலும் திரும்ப வேண்டும். அவர்கள் போன பிறகு கரையும் நீரும் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும்.

வேலியில்லாத இந்த நீர்நிலைகளுக்குக் காவலாக இருந்தது, எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த அறிவுதான். ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தானாகவே தெரிந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் வளர்ந்து, பொங்கலுக்கு 4 நாள் அப்பத்தா வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அதை யார் சொல்வது?

வெளியூரிலிருந்து வருகிறவர் கண்ணுக்குக் கண்மாய் அகலமான, ஆழமில்லாத, அசையாத நீர்ப்பரப்பாகத் தெரிகிறது. கரைக்கு எதிரே மேடாக இருக்கும் உள்வாய்ப் பக்கம் மாடுகள் இறங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, எங்கும் முழங்கால் அளவுதான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். தண்ணீர் முழுவதும் வயலுக்குப் பாய வேண்டும் என்பதற்காக மடையைக் கண்மாயின் தாழ்ந்த பகுதியில், கரையை ஒட்டி வைத்திருப்பார்கள். ஆகவே மேய்ச்சல் பக்கத்தைவிடக் கரைப்பக்கத்தில்தான் ஆழம் கூடுதலாக இருக்கும். மடை திறந்திருக்கும்போது அதன் வாயில் உண்டாகும் இழுப்பு, மேலே நிற்பவருக்குத் தெரியாது. தை மாதத்தில் கதிர் முற்றும் பயிருக்கு எந்த நாளில் மடை திறப்பார்கள் என்பது, மடையைத் திறந்து மூடும் ஊர்ப் பணியாளரான நீர்ப்பாய்ச்சிக்கும் பாசனக்காரர்களுக்கும்தான் தெரியும். மறுகால் போகும் கலுங்கும் இப்படித்தான்: படர்ந்து வழியும் நீர் அழகாக இருப்பதால் அதன்மேல் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தக் கல் முழுவதும் பாசி. நீர் விழும் அடிவாயில் பல ஆண்டுகளாக அரித்த குழி.

இவற்றோடு மண் எடுத்த பள்ளங்களும் சேர்ந்துகொண்டன. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரின் அனுமதியோடு கண்மாய் வண்டலைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள 2024-இல் அரசு வழி செய்தது. தூர்ந்துபோன கண்மாய் ஆழப்படுகிறது, மேட்டு வயலுக்கு நல்ல மண் கிடைக்கிறது என்பதால் நான் அதை வரவேற்கிறவள். ஆனால் எங்கெல்லாம் சீராகச் சரித்து வெட்டாமல் கிணற்றுச் சுவர் போலச் செங்குத்தாக வெட்டி விடுகிறார்களோ, அங்கெல்லாம் கோடையில் கண்ணுக்குத் தெரிந்த பள்ளம் மழைக்குப் பின் மறைந்துவிடுகிறது. இடுப்பளவு நீரில் நடந்துபோகும் சிறுவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். அங்கே அடியில் கால் ஊன்ற முடியாத களிமண் சேறு. தாமரையும் ஆம்பலும் படர்ந்த கண்மாயாக இருந்தால் காலைச் சுற்றும் கொடிகள் வேறு.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பொங்கல் விடுமுறையில், அண்ணன் தம்பி இருவரை ஒரே ஆட்டோவில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மூத்தவனுக்கு 14 வயது, இளையவனுக்கு 11. மூத்தவன் நகரத்தில் நீச்சல் குளத்தில் முறையாகப் பயின்றவன் என்று அவன் தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி பள்ளத்தில் வழுக்கியதும் அண்ணன் அவனைப் பிடிக்கப் போயிருக்கிறான். நீருக்குள் அடிவரை தெரிகிற, நான்கு பக்கமும் பிடிமானம் உள்ள குளத்தில் கற்ற நீச்சல், கலங்கிய நீரிலும் சேற்றிலும் அவனுக்கு உதவவில்லை. கரையில் பெரியவர்கள் ஐந்தாறு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர அன்று என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

சத்தம் கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மைதான். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்துவதற்குக் காற்று ஏது? கைகளை மேலே தூக்கி அசைப்பதும் அரிது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கி, கைகள் நீரை அமுக்கியபடி இருக்கும். பார்ப்பவருக்கு விளையாடுவதாகத் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள்ளாகவே எல்லாம் முடிந்துவிடக் கூடும். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. ஆகவே பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்க வேண்டும்; கரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது.

ஒருவர் மூழ்குவதைக் கண்டால், நீரில் மீட்கப் பயிற்சி இல்லாதவர் தயவுசெய்து குதிக்க வேண்டாம். மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார். அதனால் ஒரு சாவு இரண்டாகவும் மூன்றாகவும் ஆகிவிடுகிறது. கயிறு, மூங்கில் கழி, காலிக் குடம், வேட்டி, சேலை எதுவானாலும் கரையில் நின்றபடி எறியுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணைப்பகுதியில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு, அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது. சேலையை அவிழ்த்து வீச ஒரு கணமும் தயங்காத அந்தப் பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பது, கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி உடலை உப்பில் புதைத்து வைப்பது ஆகிய எல்லாமே பொன்னான நிமிடங்களை வீணாக்குகின்றன. வயிற்றை அமுக்கினால் வெளியேறுவது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சில்லாதவரைச் சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாக, 108 ஊர்தி வரும் வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். சிபிஆர் எனப்படும் இந்த முதலுதவியை ஒரு மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது கட்டாயம்; நீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் தொந்தரவு தரும்.

அடுத்ததாகக் குடியைப் பற்றி. மாலையில் கரையில் உட்கார்ந்து குடிப்பவர்கள் தம் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. உடைத்து எறிந்த பாட்டில் சில்லு கண்மாய்க்குள் போகிறது. மடை வழியாக வாய்க்காலுக்கும் வாய்க்கால் வழியாக வயலுக்கும் போகிறது. அங்கே நாற்று நடவும் களை பறிக்கவும் வெறுங்காலோடு இறங்கும் பெண்களின் உள்ளங்காலில் ஏறுகிறது. என் பணிக்காலத்தில் நடவு நாட்களில் இப்படி வந்த கால்களுக்குத் தையல் போட உதவியதும் தடுப்பூசி போட்டதும் கணக்கில்லை. சேற்றில் பட்ட அந்தப் புண்ணுக்காக 15 நாள் கூலியை இழந்தவர்கள், பாட்டிலை எறிந்தவரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கும் விரிந்தது. எங்கள் கண்மாய்க் கரைகளில் சில்லு குறைய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்திலும் அதையடுத்த சில வாரங்களிலும் கரையின்மேல் கார் ஓட்டிவருவதும் இப்படிப்பட்டதே. ஊறியிருக்கும் மண்கரையில் பதியும் சக்கரத்தடம் அடுத்த மழையில் ஓடையாகி, பிறகு உடைப்பாகும். வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். களத்துமேட்டை மறிக்காமல் நிறுத்துங்கள். அறுவடை இயந்திரம் வாடகைக்கு வரும் நாட்கள் இவை.

செட்டிநாட்டு ஊர்களில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு வேலை உண்டு. கண்மாய் பாசனத்துக்கு, குளம் குளிக்க, குட்டை ஆடுமாட்டுக்கு, ஊருணி குடிக்க. செம்புரான் கல்லால் படி கட்டி, வீதியில் விழும் மழைநீர் வந்து சேரும்படி கால்வாய் அமைத்து, நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகக் குடியினர் வெட்டிய ஊருணிகளும் ஊரார் கூடி வெட்டிய ஊருணிகளும் எங்கள் பகுதியின் பெருமை. இந்த வட்டாரத்து ஊர்கள் 2014-இல் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றபின் அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் ஊருணிப் படியில் செருப்போடு இறங்கி, காலை நீரில் விட்டுக்கொண்டு படம் எடுப்பவர்களுக்கு, அந்த நீரை இன்றும் குடத்தில் மொண்டுபோய் வடிகட்டிக் குடிக்கும் வீடுகள் இருப்பது தெரிவதில்லை. நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊர்களில் அந்தத் தண்ணீருக்கு ஈடு வேறில்லை. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் ஊருணியில் கலக்கக் கூடாது. அதில் கால் நனைப்பதும் கூடாது.

பெண்கள் குளிக்கும் படித்துறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் வயதுப் பெண்கள் நினைவறிந்த நாள் முதல் குளித்துவரும் துறையில், இப்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு ரீல்ஸுக்காக எடுத்த காட்சியில் பின்னணியில் தெரிந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், அதற்குப் பிறகு அந்தத் துறைக்கு வருவதையே விட்டுவிட்டார். அவர் வீட்டில் குளியலறை இல்லை. படம் எடுக்கும் முன் கேளுங்கள். பெண்கள் நீரில் இருந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருங்கள்.

நீரோடும் உயிர்களோடும் ஒத்து வாழ்வதை வெளியூர்க்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்பினால், திருப்பத்தூரிலிருந்து மதுரை செல்லும் சாலையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரையும், சாம்பல் நாரையும், அரிவாள் மூக்கனும், கரண்டிவாயனும், வக்காவும் நீர் சூழ்ந்த கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்பதால் அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புத்தாடை உடுத்திய பிள்ளைகள் ஒரு சரவெடிகூட இல்லாமல் தீபாவளி கொண்டாடும் ஊருக்குள் காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு நுழைவது எத்தனை பெரிய பிழை! மிரண்டு எழும் தாய்ப்பறவை திரும்பி வருவதற்குள் முட்டை வெயிலில் காயும், அல்லது காக்கைக்கு இரையாகும். மெல்லப் பேசி, கூட்டை நெருங்காமல், கரையிலிருந்தே இருநோக்கியால் பாருங்கள். விடிகாலையிலும் மாலையிலும் நிறையவே தெரியும்.

பிரான்மலை ஏறுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலும் உச்சியில் தர்காவும் உள்ள அந்த மலையில் எல்லாரும் வழிபாட்டு மனத்தோடுதான் ஏறுகிறார்கள். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவதும், குரங்குக்குத் தீனி போடாமல் இருப்பதும், காய்ந்த புல்லில் நெருப்பு விடாமல் இருப்பதும் அந்த மனத்தோடு சேர்ந்தவைதாம். பாதயாத்திரை போகிறவர்கள் சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் நோக்கி இரவிலும் நடக்கிறார்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கத்தில் நடக்க வேண்டும். பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். வழியில் அன்னதானம் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இலையிலும் தட்டு டம்ளரிலும் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.

இருட்டிய பிறகு கரையில் நடக்கிறவர்கள் டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் இறங்க வேண்டாம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ, கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ, பச்சிலை தேடுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கிறது.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமன்று. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. யாரிடம் இருந்தாலும், மடைக்கும் கலுங்குக்கும் அருகில் ஆழத்தையும் இழுப்பையும் சொல்லும் பலகை ஒன்று தமிழில் பெரிய எழுத்தில் வேண்டும். மண் எடுத்த பள்ளங்களைச் சுற்றி, நீர் ஏறினாலும் தெரியும்படி சிவப்புத் துணி கட்டிய கழிகளை மழைக்கு முன்பே நட வேண்டும். மண் எடுக்க அனுமதி கொடுக்கும்போதே ஓரத்தைச் சரித்து வெட்டும்படி நிபந்தனை விதித்து, அதை நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பலகையில் எழுத வேண்டியதை அந்தந்த ஊர் நீர்ப்பாய்ச்சியிடமும் பெண்களிடமும் கேட்டு எழுதினால் தவறு நேராது.

இவையெல்லாம் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று, எங்கள் ஊர் மகளிர் குழுவினர் சென்ற ஆவணியில் மடையருகே நிற்கும் வேப்பமரத்தில் 60 அடி நைலான் கயிற்றையும் காற்றடைத்த லாரி டியூப் ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இரண்டு முறை கயிற்றை யாரோ மாடு கட்ட அவிழ்த்துப் போனார்கள்; எதற்காக அது அங்கே இருக்கிறது என்று வீடு வீடாகச் சொன்ன பிறகு அவர்களே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். இந்தப் பொங்கல் விடுமுறை 4 நாட்களும் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை, குழுவில் இருவர் இருவராக முறை வைத்துக் கரையில் நிற்கப் போகிறோம். கண்மாய்க்கு வருகிறவர்கள் எங்களிடம், அல்லது எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கரையில் மாடு மேய்க்கும் பெரியவரிடம், எந்தப் பக்கம் இறங்கலாம் என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை நீரில் இறக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.